முதல் தவணை இரண்டு முறை: மேலூரிலிருந்து சிங்கப்பூர் போன ஒரு தடுப்பூசிச் சான்றிதழ்

2021 டிசம்பர் 8, புதன்கிழமை. மேலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்தே கூட்டம். தடுப்பூசி போடாதவர்கள் ரேஷன் கடை, தியேட்டர் மாதிரியான பொது இடங்களுக்கு வர முடியாது, ஒரு வாரத்துக்குள் முதல் ஊசியாவது போட்டிருக்க வேண்டும் என்று மதுரை மாவட்ட நிர்வாகம் அந்த மாதத் தொடக்கத்தில் அறிவித்திருந்தது. சான்றிதழைப் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொள்ள எல்லோரும் வந்துவிட்டார்கள்.

கூட்டம் குறையும்வரை ஓரத்தில் பொறுமையாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, கடைசியாக எழுந்து வந்து போனை நீட்டினார். "தம்பி, ரெண்டாவது ஊசியும் போட்டாச்சு. பேப்பர எடுத்துக் குடு. மக பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போகணும்."

குறுஞ்செய்தியைத் திறந்தேன். டிசம்பர் 6 அன்று கோவிஷீல்டு முதல் தவணை போட்டுக்கொண்டதற்கு வாழ்த்துச் சொல்லியிருந்தது. முதல் தவணை! தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் அவருடைய எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் அதேதான். அடுத்த தவணை 84 நாள் கழித்து, 2022 பிப்ரவரி 28-இல். மகளுக்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியோ ஜனவரி இரண்டாம் வாரம்.

அவரைப் பாண்டியம்மாள் என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மைப் பெயர் வேறு, ஆனால் பின்னால் சொல்லப்போகும் பெயர்ச் சிக்கல் அச்சாக அப்படியேதான். வயது அறுபது. அழகர்கோவில் சாலையில் ஒரு கிராமம். நூறு நாள் வேலைக்குப் போவார், இரண்டு மாடு வைத்திருக்கிறார். மகள் கட்டிக்கொடுத்துப் போய் நான்கு வருடம், இது முதல் பிரசவம். மருமகனுக்கு அம்மா கிடையாது. ஆகவே இவர் போனால்தான் உண்டு.

கொரோனா காலத்தில் வெளிநாட்டு விதிகள்தான் நம்மைப் படுத்தின என்று எல்லோரும் சொல்வோம், நானும் சொல்லியிருக்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருந்தது உண்மைதான். ஆனாலும் இந்தக் குடும்பம் இழந்த நாள்களைப் பின்னால் நான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பெரும்பகுதி தொலைந்தது ஊசி போடும் மேசையில்தான். எந்த அடையாள அட்டையை நீட்டினார், யார் போன் எண்ணைச் சொன்னார் என்ற இரண்டு விஷயத்தில் மொத்தக் கதையும் அடங்கியிருந்தது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஒரே கை, இரண்டு ஆள்

முதல் ஊசி 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை போட்டது. தமிழ்நாடு முழுக்க முதல் மெகா முகாம் நடந்த நாள். 40,000 இடங்களில் காலை 7 மணிக்கே தொடங்கி, ஒரே நாளில் 28 லட்சம் பேருக்கு மேல் போட்டார்கள். அந்த வேகத்தை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரு மேசை, ஒரு நர்ஸம்மா, போனில் பதிவு செய்ய ஒரு பிள்ளை. அவ்வளவுதான் முகாம்.

பாண்டியம்மாள் ஆதாரைக் கொண்டுபோயிருந்தார். போனை வீட்டில் வைத்துவிட்டார், எண்ணும் மனப்பாடம் இல்லை. பின்னால் நூறு பேர் நிற்கும்போது பதிவு செய்த பிள்ளை என்ன செய்யும்? வரிசையில் அடுத்து நின்ற பால்காரர், "என் நம்பரப் போட்டுக்கம்மா" என்று சொன்னார். உதவி என்று நினைத்துத்தான் சொன்னார், அதில் தப்பே இல்லை. பால்காரர் போனில் அவர் வீட்டு ஆள்கள் மூன்று பேரோடு நான்காவதாக இவர் பெயரும் ஏறியது. அப்போது ஒரு எண்ணில் நான்கு பேர்தான் பதிய முடியும். இவரே கடைசி.

84 நாள் கழித்து டிசம்பர் 5. மறுநாள் திங்கள்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். இந்த முறை போன் கையில் இருந்தது. ஆதாரை மட்டும் ஒரு கடன் விஷயமாகக் கூட்டுறவு சங்கத்தில் கொடுத்திருந்தார், அதனால் வாக்காளர் அட்டையை எடுத்துப் போனார். அவர் எண்ணில் தேடினால் ஆளே இல்லை. அங்கிருந்தவர் புதிதாகப் பதிவு செய்து ஊசி போட்டு அனுப்பிவிட்டார். ஒரே ஆதார் எண் இரண்டாம் முறை வந்திருந்தால் தளம் அங்கேயே நிறுத்தியிருக்கும். அட்டை மாறியதால் அதற்கு இவர் வேறு ஒரு ஆள்.

ஆக, ஒரே இடது கையில் இரண்டு ஊசி. கணினிக்கோ முதல் தவணை மட்டும் போட்ட இரண்டு பெண்கள். ஒருவருக்கு 1963-இல் பிறப்பு, இன்னொருவருக்கு 1965.

பால்காரர் போனும் மூன்று நிமிடமும்

இந்தச் சிக்கல் வந்தது இவருக்கு மட்டுமில்லை. அந்த மாதங்களில் என் கடைக்கே வாரம் இரண்டு மூன்று பேர் இப்படி வந்தார்கள். ஊர் பூராவும் இருந்த தொல்லை என்பதால்தான், ஒரே ஆளுக்கு வந்த இரண்டு முதல் தவணைச் சான்றிதழ்களை ஒன்றாக இணைக்கும் வசதியைக் கோவின் தளத்திலேயே வைத்திருந்தார்கள். உள்ளே போய் "பிரச்சினையைத் தெரிவிக்க" என்ற இடத்தைத் தொட்டால் அது இருந்தது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. இரண்டாம் ஊசியை மறுபடி ஒருமுறை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டவர்கள்கூட உண்டு. வேண்டவே வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

இணைக்க வேண்டும் என்றால் முதலில் பழைய பதிவைப் பார்க்க வேண்டும். அது பால்காரர் எண்ணில் இருக்கிறது. உள்ளே நுழைய அவர் போனுக்கு ஆறு இலக்க ஓடிபி வரும், 180 விநாடிதான் செல்லும். பால்காரரோ காலை நாலரைக்கு எழுந்து கேனோடு கிளம்பிவிடுகிற மனிதர், போன் எப்போதும் வண்டிப் பெட்டிக்குள். இரண்டு நாள் முயன்றோம். நான் இங்கே எண்ணைப் போடுவேன், பாண்டியம்மாளின் மகன் அவரைத் தேடிக்கொண்டு பால் சொசைட்டிக்கு ஓடுவான், அதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிடும். மூன்றாம் நாள் நான் விடியற்காலையில் கடையைத் திறந்தேன். பையன் சொசைட்டி வாசலில் பால்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டான். கேன் மூடிகள் உருளும் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு இலக்கமாகக் கத்தினான். "அண்ணே, நாலு... ஏழு... ஏழேதான் மறுபடி..." உள்ளே போய்விட்டோம். செப்டம்பர் 12 தேதியோடு பழைய சான்றிதழ் திரையில் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இணைப்புக் கோரிக்கை போட்டது டிசம்பர் 11. தினமும் காலையும் மாலையும் பார்த்தேன். 1075 உதவி எண்ணுக்குப் போன் செய்தோம், 104-க்கும் செய்தோம். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசினார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். கடைசியில் நடந்ததைச் சொன்னால், எங்களுக்கு வழிகாட்டியது கிராம சுகாதாரச் செவிலியர்தான். இரண்டு சான்றிதழையும் இரண்டு அட்டை நகலையும் வாங்கி, மேலே இருப்பவர்களிடம் அவரே எடுத்துப் பேசினார். அந்தச் செவிலியருக்கு அது வேலைக்கு மேல் வேலை. டிசம்பர் 16 மாலை இரண்டும் ஒன்றாகி, இரண்டு தவணையும் முடிந்ததாக ஒரே சான்றிதழ் வந்தது.

ஒரு எழுத்து, இரண்டு வருடம்

சான்றிதழ் வந்ததும் மகன் துள்ளிவிட்டான். நான் பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னேன்.

மேசையில் ஆதார் நகல், பாஸ்போர்ட், சான்றிதழ் மூன்றையும் வரிசையாக வைத்தேன். ஆதாரில் ஆங்கிலத்தில் 'பாண்டியம்மாள் எம்', நடுவில் ஒரு 'ஒய்' எழுத்து உண்டு. பாஸ்போர்ட்டில் அந்த 'ஒய்' கிடையாது. ஆதாரில் இருந்த 'எம்' கணவர் பெயரின் முதல் எழுத்து. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். 2014-இல் மதுரையில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இவர் அப்பா பெயரை எழுதிவிட்டார். அதாவது ஒரு தாளில் புருஷன், இன்னொரு தாளில் தகப்பன். நமக்கு இரண்டுமே அவர்தான் என்று பார்த்ததும் தெரியும். நாம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து வைத்துக்கொண்டு வாழ்கிற மக்கள். உலகத்துப் படிவங்கள் எல்லாம் குடும்பப் பெயர் ஒன்று எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்துச் செய்தவை. அந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வொன்றைப் போட்டுவிட்டு வருகிறோம்.

பிறந்த வருடம் இன்னும் மோசம். இணைத்த சான்றிதழில் 1963, பாஸ்போர்ட்டில் 1961. எது சரி என்று அவரிடமே கேட்டேன். "தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்ப எனக்கு மூணு வயசு. எங்கய்யா என்னையத் தோள்ல வச்சுக்கிட்டு கண்மாய்க் கரையில நின்னாராம்" என்று சொன்னார். புயல் 1964 டிசம்பர். அப்படியானால் பாஸ்போர்ட்தான் சரி. ஆதார் எடுத்த அன்று தோராயமாக ஒரு வயதைச் சொன்னார், அவர்கள் வருடத்தைக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டார்கள், அப்படித்தான் இங்கே பாதிப் பேருக்கு.

கோவினில் பெயர், பிறந்த வருடம், பாலினம், அட்டை எண் ஆகியவற்றில் இரண்டைத் திருத்த முடிந்தது. ஆனால் ஒருமுறைதான். அந்த ஒரு வாய்ப்பை அவசரத்தில் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயரை மட்டும் சரிசெய்துவிட்டு, வருடத்தை மறந்துவிடுவார்கள். அதனால் அன்று இரவு பொத்தானை அழுத்தவில்லை. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி பெயரை ஒரு வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்தாக மகனைப் படிக்கச் சொல்லி, அவன் படிக்கப் படிக்க நான் டிக் அடித்தேன். மறுநாள் காலை வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அன்றே திருத்தம் ஏறிவிட்டது. அப்புறம் பாஸ்போர்ட் எண்ணையும் முழுப் பிறந்த தேதியையும் சேர்த்து, வெளிநாட்டுப் பயணத்துக்கு என்று தனியாக இருக்கும் சான்றிதழை எடுத்தோம். டிசம்பர் 18.

முழுப் பிறந்த தேதி எதற்கு என்று மகன் கேட்டான். அதற்கும் ஒரு கதை உண்டு. அந்த செப்டம்பரில் பிரிட்டன், கோவிஷீல்டை ஏற்றுக்கொள்கிறோம், ஆனால் இந்தியச் சான்றிதழை இன்னும் ஏற்கவில்லை என்று சொன்னது. இந்தியாவும் பதிலுக்கு அக்டோபர் 4 முதல் பிரிட்டனிலிருந்து வரும் அந்நாட்டவர்களுக்குத் தனிமைப்படுத்தலை அறிவித்தது. அக்டோபர் நடுவில்தான் சமாதானம் ஆனது. அந்த இழுபறியில்தான் வயதை மட்டும் காட்டிய நம் சான்றிதழில், வெளிநாடு போகிறவர்களுக்கு முழுத் தேதி வந்தது. கோவாக்சின் போட்டவர்கள் பாடு இன்னொரு தினுசு. உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்றது 2021 நவம்பர் 3-இல்தான். அதுவரை கையில் இரண்டு ஊசிச் சான்றிதழும் வைத்துக்கொண்டு, பல நாடுகளின் கணக்கில் ஊசியே போடாதவர்களாக இருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இணைப்புக்காகக் காத்திருந்த நாள்களில் உறவுக்காரர் ஒருவர் வந்து, "எதுக்குண்ணே இவ்வளவு அலைச்சல்? கம்ப்யூட்டர்லயே பேரையும் தேதியையும் மாத்திப் பிரிண்டு போட்டுருங்க" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அந்த அம்மாவின் தவிப்பைப் பார்க்க முடியாமல் கேட்டார். நான் ஒரு பழைய சான்றிதழை எடுத்து, அதன் க்யூஆர் கோடை அவர் கண்முன்னே கோவினின் சரிபார்ப்புப் பக்கத்தில் காட்டினேன். பெயர், தவணை, தேதி எல்லாம் திரையில் வந்தன. தாளில் எதை மாற்றினாலும் அந்தக் கட்டத்துக்குள் இருப்பது மாறாது, அதில் மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. அங்கே விமான நிலையத்தில் அவர்கள் பார்ப்பதும் அதைத்தான். மாட்டினால் குற்றம், அறுபது வயதில் அந்த அம்மா நிற்க வேண்டிய இடமா அது? அவர் புரிந்துகொண்டு போய்விட்டார்.

சென்னை வழி

எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர் என்றால் திருச்சிதான். நாற்கரச் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். ஆனால் தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் நுழையச் சிங்கப்பூர் திறந்த விடிஎல் என்ற வழி, 2021 நவம்பர் 29 முதல் சென்னை, டெல்லி, மும்பை விமானங்களுக்கு மட்டுமே. அப்போது அந்த விமானத்தில் போக முதலில் விடிபி என்ற அனுமதி வாங்க வேண்டும், அதற்குச் சான்றிதழின் க்யூஆர் கோடு ஒத்துப்போக வேண்டும், இரண்டாம் ஊசி போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும். விடிபி வந்தபிறகு விசா. அப்புறம் 30,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறையாமல் கொரோனா சிகிச்சைக்கான காப்பீடு. கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் எடுத்த பரிசோதனை. இறங்கியதும் இன்னொரு பரிசோதனை.

டிசம்பர் 18 அன்றே ஜனவரி 2-ஆம் தேதிப் பயணத்துக்கு விடிபி போட்டோம். 21-ஆம் தேதி வந்தது. அன்றே முகவர் மூலம் விசாவுக்கு அனுப்பினோம். மருமகன் போனில் கேட்டார், "அண்ணே, டிக்கெட் எடுத்துரவா?" விசா வரட்டும் தம்பி, நாலு நாள்தானே, வராமல் போனால் பணம் போய்விடும் என்று சொன்னேன். அவர் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். நியாயமான யோசனை என்றுதான் அன்று நினைத்தேன்.

மறுநாள், டிசம்பர் 22, புதன்கிழமை. ஒமைக்ரான் பரவுவதால் 23-ஆம் தேதி பிறந்ததிலிருந்து ஜனவரி 20 வரை விடிஎல் டிக்கெட் புதிதாக விற்கப்படாது, ஏற்கெனவே எடுத்தவர்கள் மட்டும் போகலாம் என்று சிங்கப்பூர் அறிவித்தது. அவர்களுக்கு நள்ளிரவு என்றால் நமக்கு இரவு ஒன்பதரை. மருமகன் ஆறு மணியிலிருந்து முயன்றார். திரையில் இருக்கை காட்டும், பணம் கட்டப் போனால் இல்லை என்று சொல்லும். ஒன்பதே முக்காலுக்குப் போன் செய்தவர் ஒன்றுமே பேசவில்லை. பின்னால் அந்தப் பெண் அழுவது மட்டும் கேட்டது.

விசா டிசம்பர் 28-இல் வந்தது.

அந்த யோசனை என்னுடையது. முந்தைய நாள் சரி என்று சொல்லியிருந்தால் அவர் எடுத்திருப்பார், பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இருந்திருப்பார். இதை நான் அந்தக் குடும்பத்திடமும் சொன்னேன். அதன்பிறகு விதி மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் யார் கேட்டாலும், தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட்டாகப் பார்த்து முதலிலேயே எடுத்துவிடச் சொல்கிறேன். கொஞ்சம் கூடுதல் பணம் ஆகும், ஆனால் அது தெரிந்த செலவு.

ஜனவரி

பெண் குழந்தை. ஜனவரி 11. பாண்டியம்மாள் என் கடையில் வைத்துத்தான் முதன்முதலாக வீடியோவில் பார்த்தார், வீட்டில் சிக்னல் கிடைக்காது. திரையைத் தொட்டுத் தொட்டுத் திருஷ்டி கழித்தார்.

அந்த வாரம் கடையில் வேறு ஒரு கூட்டம். ஜல்லிக்கட்டுக்கு மாடுபிடி வீரர்களும் காளை வளர்ப்பவர்களும் இரண்டு தவணைச் சான்றிதழும், 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் முடிவும் காட்ட வேண்டும் என்று அரசு விதி போட்டிருந்தது. பதிவும் அந்த வருடம் இணையத்தில். ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூர் 16-இலிருந்து 17-க்குத் தள்ளிப்போனது. சிங்கப்பூருக்கு என்னென்ன பார்த்தேனோ அதே வேலைதான் அவனியாபுரத்துக்கும் பாலமேட்டுக்கும். ஆதாரில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். ஒரு பையன், பதினெட்டு மாதமாக ஒரு காளையை வளர்த்தவன், சான்றிதழில் தன் பெயருக்குப் பதிலாக அண்ணன் பெயர் இருப்பதை அன்றுதான் பார்த்தான். ஒரே போனில் இருவர் பதிவு, ஊசி போட்ட இடத்தில் ஒன்றுக்கு இன்னொன்றைத் தொட்டுவிட்டார்கள். அந்த வருடம் காளையை அண்ணன்தான் வாடிவாசலுக்குப் பிடித்துப் போனான்.

பிப்ரவரி 11

டிக்கெட் விற்பனை ஜனவரி 21-இல் மறுபடி தொடங்கியது, ஆனால் பாதி இருக்கைக்குத்தான். புதிய தேதிக்கு விடிபி மறுபடி போட்டோம். பெயர் ஏற்கெனவே ஒத்துப்போயிருந்ததால் அதில் ஒரு தடங்கலும் வரவில்லை. பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை இரவு விமானத்துக்கு இடம் கிடைத்தது.

10-ஆம் தேதி காலை எட்டு மணிக்கு மதுரையில் ஓர் ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தார். பாஸ்போர்ட்டைக் கொடுத்து, அதில் உள்ளபடி பெயர் போடச் சொல்லுங்கள் என்று மகனிடம் நாலு முறை சொல்லியிருந்தேன். மாலை ஐந்து மணிக்கு முடிவு என் போனுக்கு வந்தது. நெகட்டிவ். பெயரில் மறுபடி அந்த 'ஒய்'! பரிசோதனைப் படிவத்தை எழுதிய பிள்ளை பழக்கத்தில் ஆதாரைக் கேட்டு வாங்கியிருக்கிறது. நல்லவேளை, அவர்கள் இன்னும் மதுரையில்தான் இருந்தார்கள். மகன் ஓடிப்போய்த் திருத்தி, பாஸ்போர்ட் எண்ணோடு புது முடிவை வாங்கிக்கொண்டு இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினான். சென்னைக்குப் போய்ப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்க விரும்பவில்லை.

ஒரு பச்சை ஃபைலில் வரிசையாக வைத்துக் கொடுத்திருந்தேன்: பாஸ்போர்ட், விசா, விடிபி, சான்றிதழ், பரிசோதனை முடிவு, காப்பீடு, இறங்கியதும் எடுக்கும் பரிசோதனைக்குக் கட்டிய 125 வெள்ளி ரசீது, சிங்கப்பூர் வருகை அட்டை. சான்றிதழுக்கு லேமினேஷன் போடவில்லை, விளக்கு வெளிச்சம் பட்டு மினுமினுத்தால் சில கருவிகள் கோடைப் படிக்காது. மடிக்கவும் இல்லை. மருமகனுக்கு அனுப்பும்போதும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் பிடிஎப் கோப்பாகவே அனுப்பினேன், படமாகப் போனால் புள்ளிகள் மங்கிவிடும். இவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் கவுண்டரில் நிற்கிற அறுபது வயதுக்காரருக்குச் சின்னதில்லை.

கவுண்டரில் ஏழு நிமிடம் ஆனது என்று மகன் கண்ணாடிக்கு வெளியே நின்று கணக்குப் பார்த்துச் சொன்னான். அங்கே இறங்கிப் பரிசோதனை கொடுத்து, முடிவு வரும்வரை மகள் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தார். முடிவு வந்தபிறகு குழந்தையைக் கையில் வாங்கினார். அன்று குழந்தைக்கு முப்பத்திரண்டு நாள்.

எத்தனை நாள் எங்கே போனது என்று இப்போது கணக்குப் போடலாம். செப்டம்பரில் சொந்த எண்ணையும் பாஸ்போர்ட்டையும் கொடுத்திருந்தால், டிசம்பர் 6 மாலையே சரியான பெயரில் இரண்டு தவணைச் சான்றிதழ் வந்திருக்கும். பாஸ்போர்ட்டை அடையாள அட்டையாகக் கோவின் முதலிலிருந்தே ஏற்றது. ஆதார்தான் வேண்டும் என்று நாமாக நினைத்துக்கொண்டோம். டிசம்பர் 7-இல் விடிபி போட்டிருக்கலாம். அதே வேகத்தில் நடந்திருந்தால் 17-ஆம் தேதிக்குள் விசா வந்து, விற்பனை நிற்பதற்கு ஐந்து நாள் முன்பே டிக்கெட் கையில் இருந்திருக்கும். நாங்கள் இழந்தது சரியாகப் பன்னிரண்டு நாள். இதில் ஓடிபிக்கு மூன்று, இணைப்புக்கு ஐந்து, மீதி அவர் கடைக்கு வரும்வரையும் திருத்தத்துக்கும். மேலே ஒரு நாள் என் யோசனையால்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. பால்காரர் உதவினார், முகாம் பிள்ளை வரிசையை நகர்த்தியது, சுகாதார நிலையத்தில் ஒரு வயதான அம்மாவைத் திருப்பி அனுப்பாமல் ஊசி போட்டார்கள். எனக்கு வருத்தம் ஒன்றுதான். "வெளிநாடு போகிற எண்ணம் இருக்கா? பாஸ்போர்ட் இருந்தா அதக் குடுங்க" என்று எழுதிய ஒரு தாளை அந்த மேசையில் ஒட்டியிருக்கலாம். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ, வளைகுடாவிலோ இருக்கிறார். 2022 ஜனவரியிலிருந்து என் கடை வாசலில் அதை ஒட்டி வைத்திருந்தேன்.

ஏப்ரல் கடைசியில் பாண்டியம்மாள் திரும்பினார். இந்த முறை நேராகத் திருச்சிக்கே விமானம். வருவதற்கு முன், வெளிநாட்டிலிருந்து இந்தியா வருபவர்கள் அப்போது இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவத்தை இங்கிருந்தே நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்து, மேசையில் இரண்டு கோடாலித் தைலம் பாட்டிலும் ஒரு பாக்கெட் மிட்டாயும் வைத்தார். பேத்தி படத்தைக் காட்டினார். அப்புறம் பையிலிருந்து அதே பச்சை ஃபைலை எடுத்தார். உள்ளே அவர் தாள்கள் இல்லை.

"என் தங்கச்சியோடது. அவ மகன் கோலாலம்பூர்ல இருக்கான்ல, அங்க போகணுமாம். இன்னும் ரெண்டாவது ஊசி போடல. அதுக்கு முந்தி நீ பாத்துரு தம்பி."

ஆதாரையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு, அவரை உட்காரச் சொன்னேன்.